ஒத்திக்கு இருப்பவர்

வாருங்கள் தம்பி, உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்களை வாசலில் விட்டுவிட்டுப் புரோக்கர் நயினார் எதற்கு டீக்கடைப் பக்கம் நழுவினார், தெரியுமா? என் வாய்க்குப் பயந்துதான். காலையிலேயே போன் செய்தார். “சார், இன்னைக்கு ஒரு பார்ட்டி வாராவ. நல்ல குடும்பம். உங்க கால்ல விழுதேன், நீங்க ஒரு வார்த்தை பேசப்பிடாது. சிரிங்க, தண்ணி குடுங்க, அதோட நிப்பாட்டிக்கிடுங்க” என்றார். சரி என்றேன். தண்ணீர் குடிக்கிறீர்களா?

உங்கள் வீட்டம்மா உள்ளே போய்விட்டார்களா? போகட்டும், வடிவம்மாள் எல்லாம் காட்டுவாள். மாசமாக இருக்கிறார்கள் போலிருக்கிறதே. ஏழா? சந்தோஷம். குளியலறைப் பக்கம் மட்டும் பார்த்துக் கால் வைக்கச் சொல்லுங்கள். தரையில் வாட்டம் தப்பாகக் கொடுத்திருக்கிறான் கொத்தன். தண்ணீர் சாக்கடைக்குப் போகாது, கூடத்துக்கு வரும். பார்த்தீர்களா, பேசக்கூடாது என்றால் கேட்கிறேனா? முப்பது வருஷம் நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலை பார்த்தவன் தம்பி. குற்றாலிங்கம் என்று கேட்டால் இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. சானிட்டரி சார் என்று கேட்டால் நாய்கூட வீட்டைக் காட்டும். குறையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற கண் இல்லை இது.

நான்தான் வீட்டுக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கிறாளே வடிவம்மாள், சண்முகவடிவு என்று முழுப் பேர், அவள்தான் சொந்தக்காரி. முழு வீடு என்னிடம் இருக்கிறது. அவள் பின்னால் தகர ஷெட்டில் இருக்கிறாள். முன்னே அது விறகு போட்டு வைத்த இடம். சொந்தக்காரி ஷெட்டில், வந்தவன் கூடத்தில். கேட்டால் வேடிக்கையாக இருக்கும். நான் ஒத்திக்கு இருக்கிறேன்.

என்ன, ஏதோ சொல்ல வருகிறீர்களே? இருங்கள், நான் முடித்துவிடுகிறேன்.

ஒத்தி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். தெரியும் தெரியும் என்று தலையாட்டியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் குடியேற வேண்டியது. மூன்று வருஷம் கழித்துக் காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியது. பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது! நானும் மூன்று வருஷத்துக்கு என்றுதான் வந்தேன். பதினோரு வருஷம் ஆகிறது.

முட்டாள்தனமாக வந்து மாட்டியவன் என்று நினைக்காதீர்கள். யோசித்துத்தான் வந்தேன். ரொம்ப யோசித்தேன்.

நான் ரிட்டையர் ஆன வருஷம் இந்த ஊருக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. இதைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் வரப்போகிறது, கலெக்டர் ஆபீஸ் தெப்பக்குளத்துக்கு மேற்கே வரப்போகிறது என்று ஒரு பேச்சு. யார் கிளப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பருத்தி போட்ட காட்டிலெல்லாம் கல் நட்டார்கள். சலூனில் முடி வெட்டுகிறவர்கூடக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “சார், ஒரு மூணு சென்ட் இருக்கு, பாக்கியளா?” என்று கேட்டார். வீட்டு விலை போன தீபாவளிக்கு ஒன்று, இந்தப் பொங்கலுக்கு ஒன்று.

அப்போது வடக்குத் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. என் மனைவி கோமதிக்கு அதன்மேல் ஆசை. கிணறு, இரண்டு அறை, பின்னால் கறிவேப்பிலை. அவளுக்குப் பிடிக்க அது போதும். மகள் செண்பகத்தின் கல்யாணச் செலவு போக, கையில் நாலு லட்சம் இருந்தது. கொஞ்சம் கடன் வாங்கினால் முடித்திருக்கலாம். நான்தான் வேண்டாம் என்றேன். இது வீங்கின விலை, ஊசி குத்தினால் வடிந்துவிடும், மூன்று வருஷம் ஒத்திக்கு இருப்போம், விலை இறங்கட்டும், பிறகு வாங்குவோம் என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “ஏறினா ஏறட்டும், எறங்கினா எறங்கட்டும். நாம என்ன விக்கவா போறோம்? குடியிருக்கத்தானே?” என்றாள். பெண்களுக்கு மார்க்கெட் தெரியாது தம்பி.

நான் சொன்னது அப்படியே நடந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. மாவட்டமும் வரவில்லை, ஆபீஸும் வரவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்டது. விலை விழுந்தது பாருங்கள், அப்படி ஒரு விழுகை. கல் நட்ட காட்டில் மறுபடி பருத்தி போட்டார்கள். வடக்குத் தெரு வீடு பாதி விலைக்குப் போனது, ஒரு முட்டை வியாபாரி வாங்கினார். நான் கணக்குப் போட்டபடியே எல்லாம் இறங்கியது.

சரி, வடிவம்மாளிடம் போய்ப் பணத்தைக் கேட்டேன். மூன்று வருஷம் முடிந்திருந்தது. அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“என்கிட்ட ஏது அண்ணாச்சி பணம்?”

“நான் குடுத்த நாலு லட்சம் எங்க?”

“நீங்க குடுத்ததத்தான் உங்க கண்ணு முன்னாலயே அமிர்தராஜ் எண்ணி வாங்கிட்டுப் போனாரே!”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் அமிர்தராஜ் என்று ஒரு கருப்பட்டி வியாபாரி. நான் குடியேறிய அன்று இதே கூடத்தில் மூன்று பேரும் நின்றோம். நான் பணத்தை வடிவம்மாள் கையில் கொடுத்தேன். அவள் அதை அப்படியே அமிர்தராஜ் கையில் கொடுத்தாள். அந்தப் பணம் அவள் கையில் சூடுகூட ஏறியிருக்காது. அவர் வாங்கினார், எச்சில் தொட்டு எண்ணினார், “நல்ல ராசியான வீடு சார்” என்றார், வெளியே நின்ற மினி லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார். போகும்போது அந்த மனிதர் பாட்டு முணுமுணுத்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வீடு மாறுகிறவன் எவனாவது பாட்டுப் பாடுவானா?

அமிர்தராஜ் கொடுத்த பணம் அவருக்கு முன்னால் இருந்தவருக்குப் போயிருக்கிறது. அவர் கொடுத்தது அவருக்கும் முன்னால் இருந்தவருக்கு. ஆதியில் முதல் ஒத்திக்காரன் கொடுத்த பணத்தை வடிவம்மாளின் புருஷன் வாங்கிப் பாத்திரக்கடை வைத்து, ஒரே மழைக்காலத்தில் அதைத் தொலைத்துவிட்டு, அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவளும் ஷெட்டுக்குப் போனவள்தான், இன்னும் வீட்டுக்குள் திரும்பவில்லை. ஆக, இந்த வீட்டில் பணம் கிடையாது. அடுத்து வருகிறவர் கொண்டுவந்தால்தான் இருக்கிறவர் போக முடியும். விலை ஏறுகிற வரைக்கும் இது யாருக்கும் தெரியாது. வருகிறவன் குறையாமல் கொண்டுவருவான், போகிறவன் பாட்டுப் பாடிக்கொண்டு போவான். விலை இறங்கினதும் என்ன ஆயிற்று? இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஒருவரும் ஒத்தி கேட்பதில்லை. பத்திரத்தில் நாலு, தெருவில் இரண்டு. மீதி இரண்டுக்கு வடிவம்மாள் எங்கே போவாள்? இட்லி மாவு விற்கிறவள்.

விற்றுவிட்டுக் கொடு என்று சொன்னேன். விற்றால், வீடு கட்ட வாங்கின கடன் போக, என் பங்குக்கே காணாது. கோர்ட்டுக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். இந்த வயதில் அதில் ஏறினால் இறங்க முடியுமா?

இருங்கள் தம்பி, நீங்கள் பேசலாம். இதோ முடிந்தது.

காலி செய்துவிட்டுப் போய் மகள் வீட்டில் இருந்துகொண்டு பணத்தைக் கேட்டால் என்ன என்று தோன்றுகிறதா? எல்லோருக்கும் தோன்றும். அதுதான் கூடாது. ஒத்தியில் ஆள்தான் பத்திரம். நீங்கள் வீட்டுக்குள் இருக்கிற வரைக்கும் உங்கள் பணம் இருக்கிறது. வெளியே கால் வைத்தீர்களோ, போச்சு. பேட்டைத் தெருவில் ஒரு தையல்காரர் ஒத்திக்கு இருந்தார். திருச்செந்தூரில் இரண்டு நாள் தங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், வீட்டுக்காரன் பூட்டை உடைத்துக் கூடத்தில் எருமை கட்டியிருக்கிறான். எருமையை அவிழ்க்கவும் முடியவில்லை, பணத்தை வாங்கவும் முடியவில்லை. நான் நேரில் பார்க்கவில்லை, சொன்னார்கள். இப்படிப்பட்டதையெல்லாம் யாரும் சும்மா சொல்லமாட்டார்கள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட நான் வெளியே தங்கியதில்லை. செண்பகம் ஓசூரில் இருக்கிறாள். பேரனுக்குக் காது குத்து வைத்தார்கள். போகவில்லை. போனில் காட்டினார்கள். பாதி நேரம் யாரோ ஒருவருடைய முழங்கைதான் தெரிந்தது. பேரன் அழுதது மட்டும் நன்றாகக் கேட்டது. நம் பிள்ளை என்று சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

கோமதியா? அவளும் ஓசூரில்தான். முதலில் பிரசவத்துக்கு என்று போனாள், வந்தாள். இரண்டாம் பிரசவத்துக்குப் போனவள் அங்கேயே இருக்கிறாள். ஆரம்பத்தில் தினமும் போன் செய்து நச்சரிப்பாள். “காசு கெடந்துட்டுப் போகுது. நீங்க வாங்க. பென்ஷன் வருதுல்லா, கஞ்சி குடிக்க மாட்டோமா?” என்பாள். நாலு லட்சத்தைக் கிடக்கட்டும் என்று சொல்ல ஒரு மனசு வேண்டுமே! நான் எடுத்துச் சொன்னேன், கோபப்பட்டேன், மறுபடி எடுத்துச் சொன்னேன். இப்போது வா என்று கூப்பிடுவதே இல்லை. “நீங்க அங்கனயே இருங்க, அதான் உங்களுக்குத் தோது” என்கிறாள். விஷயம் அவளுக்கும் புரிந்துவிட்டது.

வீட்டில் சாமான் குறைவாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள், நான் பார்சல் சர்வீஸில் போட்டுவிடுவேன். முதலில் கிரைண்டர் கேட்டாள். அங்கே இருக்கிறதில் மாவு நைஸாக வரவில்லையாம். பிறகு குத்துவிளக்கு. பிறகு சாமி படம். போன மாசம் அவள் தைத்து வைத்த மெத்தை உறை எல்லாம் கேட்டாள். எதையும் உடையாமல் கட்டி அனுப்புவேன். வீடும் காற்றோட்டமாக ஆகிவிட்டது, பார்த்தீர்களா?

வடிவம்மாளைப் பற்றிக் கேட்டால் ஒரு குறை சொல்லமாட்டேன். குறைகள் இருக்கின்றன, சொல்லமாட்டேன். மோட்டார் ரிப்பேருக்கு யார் கொடுப்பது என்று ஆறு மாசம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் மத்தியானம் குழம்பு கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள். நான் கேட்பதில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. சொன்னால் ஒத்திப் பணத்தில் கழித்தாலும் கழிப்பாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சாயந்திரத்துக்குள் திரும்பிவிடலாம் என்றதால் போனேன். சொந்தக்காரியும் என் கூடவே வந்துவிட்டதால் வீட்டுக்கும் பயமில்லை.

ஆட்கள் வராமலில்லை தம்பி. நயினார் கூட்டிவந்துகொண்டுதான் இருக்கிறார். வந்தவர்கள் போய்விடுகிறார்கள். ஏன் என்றுதான் எனக்குப் புரிவதில்லை. நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. இந்தச் சுவரைப் பாருங்கள். நேற்றுத்தான் வடிவம்மாள் உங்களுக்காக வெள்ளையடித்தாள். அடியில் ஓதம். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கக்கூஸ் இருக்கிறது, ஈரம் இப்படித்தான் ஏறும். இதோ, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது பாருங்கள். போன தடவை வந்த பாங்க் கிளார்க்கிடமும் இதைத்தான் காட்டினேன். அவர் போன பிறகு வடிவம்மாள் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, வந்தவங்ககிட்ட ஓதத்தக் காட்டாட்டி உங்களுக்குச் சோறு எறங்காதோ?”

“நாளைக்கு அவரு என்னைய ஏசக் கூடாதுல்லா.”

“நாளைக்கு நீங்கதான் ஓசூர்ல இருப்பியளே! பஸ் ஏறி வந்தா ஏசப்போறாரு?”

அமிர்தராஜ் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போனார். நான் அப்படிப் போகமாட்டேன். அவ்வளவுதான்.

சரி, இப்போது சொல்லுங்கள். வந்ததிலிருந்து ஏதோ சொல்ல நினைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். முன்பணம் கொண்டுவந்திருக்கிறீர்களா?

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

உங்கள் பணம் கையில் இல்லையா? எங்கே இருக்கிறது? ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து மாடி வீட்டிலா? நீங்களும் ஒத்திக்குத்தான் இருக்கிறீர்களா? அட! இவ்வளவு நேரம் உங்களுக்கா ஒத்தி என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன்? சிரிப்பு வருகிறது தம்பி, மன்னிக்க வேண்டும்.

மெதுவாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். நாலு லட்சம் அவரிடம். காலி செய்கிறேன் என்று கேட்டீர்கள். தீபாவளி வியாபாரம் முடிந்ததும் ஒரே தவணையில் தருகிறேன் என்கிறார். தருகிற ஆள்தானா? கீழ் வீட்டில் ஒத்திக்கு இருந்தவருக்குச் சொன்ன தேதியில் கொடுத்தாரா? நீங்கள் பார்த்தீர்களா? நல்லது. ஆனால் உங்களுக்கு அதுவரைக்கும் பொறுக்க முடியாது. டாக்டர் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். தரை வீடு வேண்டும், உடனே வேண்டும். அதனால் நயினார் இப்படி ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். நீங்கள் இங்கே வந்துவிடுவது, நான் அங்கே போய்விடுவது. ரூபாய் கைமாற வேண்டாம், பத்திரத்தில் பேர் மாறினால் போதும். என் நாலு லட்சத்தை ஜவுளிக்கடைக்காரர் தரவேண்டும். உங்கள் நாலு லட்சத்தை வடிவம்மாள் தரவேண்டும்.

தம்பி, நான் இவ்வளவு சொன்ன பிறகுமா? வடிவம்மாளிடம் பணம் கிடையாது. நீங்கள் இங்கே வந்தால் போவது கஷ்டம். புள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போனாலும் இங்கேதான் இருப்பீர்கள். தெரிந்துதான் சொல்கிறீர்களா? உங்களுக்குச் சொந்த ஊர் இதுதான், வேலையும் இங்கேதான், போவதற்கு வேறு இடம் இல்லை என்கிறீர்கள். குடியிருக்கத்தானே போகிறோம் என்கிறீர்கள்.

அப்படியென்றால்… இருங்கள். தீபாவளிக்கு இன்னும் மூன்று மாசம்கூட இல்லை. தீபாவளி முடிந்தால் ஜவுளிக்கடைக்காரர் என் கையில் நாலு லட்சம் வைப்பார். வைத்தால் அன்றைக்கே நான் பஸ் ஏறலாம். வடிவு! ஏ வடிவு, இங்கே வா! இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாயா?

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நயினாரு நேத்தே சொல்லிட்டாரு. அந்தப் புள்ளைக்கும் வீடு புடிச்சிருக்காம். மாடி வீடு அண்ணாச்சி, உங்க முட்டி தாங்குமா?”

பார்த்தீர்களா தம்பி? நான் போகிற நேரத்தில் தடை சொல்கிறாள்.

“தடை சொல்லுதேனாக்கும்! நீங்க போனா எனக்குப் பெரிய பாரம் எறங்கும். சுவத்தைச் சொரண்ட ஆளு இருக்காது.”

கேட்டுக்கொள்ளுங்கள். சரி தம்பி, எப்போது மாறலாம்? நாளைக்கா? நாளைக்குக் காலையில் உங்கள் சாமானை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு நீங்கள் இங்கே வருகிறீர்கள். இறக்குகிறீர்கள். அதே வண்டியில் என் சாமானை ஏற்றிக்கொண்டு நான் அங்கே போகிறேன். வண்டி வாடகையும் மிச்சம். நல்ல யோசனைதான்.

கொஞ்சம் இருங்கள்.

நீங்கள் இங்கே இறக்கிவிட்டீர்கள். நான் வண்டியில் ஏறிவிட்டேன். இங்கிருந்து ரயில்வே கேட்டுக்குப் போக அரை மணி நேரம், கேட் மூடியிருந்தால் அதற்கும் மேலே. அந்த நேரத்தில் நான் எந்த வீட்டில் இருக்கிறேன்? இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. இங்கே நீங்கள் இருக்கிறீர்கள். அங்கே ஒருவரும் இல்லை. அந்த ஜவுளிக்கடைக்காரர் மனசு மாறி ஒரு பூட்டைப் போட்டுவிட்டால்? நல்லவராக இருக்கலாம். தையல்காரரின் வீட்டுக்காரனும் எருமை கட்டுகிற வரைக்கும் நல்லவனாகத்தானே இருந்திருப்பான்? நடுரோட்டில் சாமானோடு நான் நிற்பேன். என் நாலு லட்சம் எங்கே நிற்கும்?

பத்திரமா? பத்திரம் எழுதினால் எழுதியதுதான். ஆனால் பத்திரம் போய் வீட்டில் உட்காருமா? ஆள்தான் உட்கார வேண்டும்.

சாவியை இன்றைக்கே என்னிடம் கொடுத்துவிடுகிறீர்களா? கொடுங்கள், ரொம்பப் பெரிய மனசு. ஆனால் சாவி என் பையில் இருக்கும், நான் இங்கே இருப்பேன், அங்கே ஆள் இருக்காது. உங்களைச் சந்தேகப்படவில்லை தம்பி. நீங்கள் தங்கமான பிள்ளை. முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? இதற்கு இரண்டு பேர் வேண்டும். உங்களுக்கு இரண்டு பேர் இருக்கிறீர்கள். ஒருவர் இங்கே வந்து உட்காரலாம், ஒருவர் அங்கே இருந்து ஒப்படைக்கலாம். நான் ஒருத்தன். ஒருத்தன் எப்படி இரண்டு வீட்டில் உட்காருவது?

அதற்கு வழி இருக்கிறது. ஏன் இல்லை? கோமதி வரட்டும். ஒரே ஒரு நாள். அவள் இங்கே உட்காரட்டும், நான் போய் அங்கே உட்கார்ந்து போன் செய்கிறேன், அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கட்டும். இப்போதே கேட்டுவிடுகிறேன். இருங்கள், போகாதீர்கள்.

ஹலோ, கோமதியா? நான்தான். நல்ல சேதி… இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. வீட்டக் காலி பண்ணப் போறேன்… ஆமா, நெசமாத்தான்… இல்ல, இப்ப ஓசூருக்கு இல்ல. நான் சொல்லுததக் கேளு. ரயில்வே கேட்டுப் பக்கம் ஒரு மாடி வீடு… தீபாவளி வரைக்குந்தான். நீ நாளைக்கு ஒரு நாளைக்கு வந்து இங்கன உக்காரணும்… சும்மா, கூடத்துல உக்காந்திருந்தாப் போதும்… என்ன? கோமதி? ஹலோ?

வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் டவர் சரியில்லை. கடைசியாக ஏதோ சொன்னாள். “அங்கன உக்காந்தது போதாதா?” என்று கேட்ட மாதிரி இருந்தது. என்னைச் சொன்னாளோ, அவளைச் சொன்னாளோ. பேரன் பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தான். சரியாகக் காதில் விழவில்லை.

மறுபடி போட்டால் எடுக்கவில்லை. சமையல் நேரம்.

என்ன வடிவு, நீ என்ன சொல்கிறாய்?

“நான் உக்காருதேன் அண்ணாச்சி.”

எங்கே?

“இங்கனதான், இந்தக் கூடத்துல. உங்க பேருக்கு நான் உக்காந்திருக்கேன். நீங்க தம்பி கூடப் போயி அந்த வீட்டப் பாத்து, வெளக்கு ஏத்தி, குடியேறிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவரைக்கும் நான் நகரமாட்டேன். ஒருத்தனையும் உள்ள விடமாட்டேன். எங்கண்ணு மேல சத்தியம்.”

கேட்டீர்களா தம்பி? நன்றாகக் கேட்டீர்களா? யாரிடமிருந்து வீட்டைக் காக்க நான் பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேனோ, அவளே எனக்காகக் காவல் உட்காருகிறாளாம். சொந்தக்காரி கூடத்தில் வந்து உட்கார்ந்தால் அதற்குப் பேர் என்ன? நான் சிரிக்காமல் என்ன செய்வது?

எதற்கு அழுகிறாள்? நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே. உள்ளதைத்தானே சொன்னேன். வடிவு, உன்னைச் சந்தேகப்படவில்லை. முறையைச் சொன்னேன். வடிவு! போய்விட்டாள். பெண்களிடம் கணக்குப் பேசக்கூடாது தம்பி. அடுப்பில் ஏதாவது வைத்திருப்பாள்.

நயினார் டீக்கடையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். கையை ஆட்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறார். யோசிக்கிறோம் என்று சொல்லுங்கள். யோசிக்கத்தானே வேண்டும்? ஒரே நாளில் முடிகிற விஷயமா இது? கோமதிக்கு நான் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். ஒரு வாரம் கொடுங்கள். இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்களுக்கு வேறு தரை வீடு கிடைத்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரண்டு உயிர் முக்கியம். நான் குறுக்கே நிற்கிறவன் இல்லை.

கிளம்புகிறீர்களா? ஆகட்டும். வாங்கம்மா, பார்த்து இறங்குங்கள். அந்தக் கடைசிப் படியில் கல் பெயர்ந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையில் சுண்ணாம்பு ஒட்டினால் தட்டிவிட்டால் போய்விடும், நேற்று அடித்த வெள்ளைதானே.

போய் வாருங்கள் தம்பி. மனசில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். என்ன சந்தேகம் என்றாலும் வந்து கேளுங்கள். போன்கூடச் செய்ய வேண்டாம். எந்த நேரம் வந்தாலும் சரிதான், நான் இங்கேதான் இருப்பேன்.